கேட்டு வாங்கிய கோடுகள்

வாரப் பத்திரிகைகளிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் எடுத்து, வரிசைப்படுத்தி, தைத்து பைண்டு செய்து வைப்பது ஒரு காலத்தில் தமிழ் வீடுகளில் பரவலாக இருந்த பழக்கம். அந்தப் பைண்டுகளைக் கதைக்காகத்தான் எல்லோரும் புரட்டுவார்கள். ஒருமுறை கதையை ஒதுக்கிவிட்டு, படங்களை மட்டும் முதல் அத்தியாயத்திலிருந்து கடைசி வரை பார்த்துக்கொண்டு போனால் இன்னொரு கதை கிடைக்கும்: ஓர் ஓவியரின் கை தேறிவரும் கதை. தொடக்கத்தில் நாயகியின் முகம் நிலைகொள்ளாமல் இருக்கும். ஒரு வாரம் கண் பெரிதாக இருக்கும், அடுத்த வாரம் மோவாய் மாறியிருக்கும். வாரங்கள் போகப்போக முகம் அமரும். பிறகு அவள் முதுகைக் காட்டி நின்றாலும், தூரத்தில் கோட்டுருவமாக நடந்துபோனாலும், இன்னார் என்று நமக்குத் தெரிந்துவிடும்.

இந்தத் தேர்ச்சி எங்கிருந்து வருகிறது? பயிற்சியிலிருந்து என்று சொல்லிவிடலாம். ஆனால் தனியறையில் தனக்குப் பிடித்ததையே ஆயிரம் முறை வரைந்தாலும் வளராத கைகள் உண்டு. பத்திரிகை ஓவியம் பிறர் கேட்டு வாங்குவது. எழுத்தாளர் ஒரு காட்சியைக் கேட்கிறார், ஆசிரியர் ஓர் அளவைக் கேட்கிறார், அச்சகம் ஒரு நாளைக் கேட்கிறது, வாசகர் தன் மனதிலுள்ள முகத்தைக் கேட்கிறார். இத்தனை பேர் கேட்பதற்கும் ஈடுகொடுத்து நிற்கும்போதுதான் ஓவியரின் கோடு அவருடையதாகிறது என்பது, இந்தப் படங்களைப் பல காலமாக ரசித்துவரும் எனக்குக் கிடைத்த முடிவு. இதற்குத் தமிழ்ப் பத்திரிகை உலகத்தைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

1928இல் எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடனை வாங்கினார். அவர் வளர்த்த அந்தப் பத்திரிகையின் கோட்டுச் சித்திரங்களுக்கு முகம் கொடுத்தவர் மாலி. டி.ஆர். மகாலிங்கம் என்பது அவர் முழுப்பெயர். சங்கீத வித்வான்களை அவர் வரைந்த கேலிச் சித்திரங்களில், பாடுகிறவரின் வாய் கோணும் விதமும் கை காற்றில் போகும் விதமும் நாலைந்து கோடுகளில் அடங்கியிருக்கும். அவ்வளவு பெரிய கைக்காரர். ஆனாலும் அவருடைய பெரிய கொடையாக நான் நினைப்பது அவருடைய பார்வையைத்தான். ஓர் இளைஞனின் கையில் என்ன இருக்கிறது, எதைக் கேட்டால் அது வெளியே வரும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்த தஞ்சாவூர்ப் பையன் கோபாலன் வந்தபோது மாலி ஒரு வேலை கொடுத்தார். திருவையாற்றில் தியாகராஜர் வீட்டில் இருந்த ராமர் பட்டாபிஷேகப் படத்தைப் பார்த்து வரைந்து கொண்டுவரச் சொன்னார். 1941ஆம் ஆண்டு தீபாவளி மலருக்காக. பையனுக்கு வயது பதினேழு. அந்த வேலையின் அமைப்பைக் கவனியுங்கள். பார்த்து வரைவதுதான், ஆகவே கற்பனையின் சுமை இல்லை. ஆனால் நேரில் போய், இருக்கும் வெளிச்சத்தில், பலர் பூஜித்த ஒரு படத்தின் முன் உட்கார்ந்து வரைய வேண்டும். உருவங்கள் நெருங்கி நிற்கும் பட்டாபிஷேகக் காட்சியில் யாரையும் விட்டுவிட முடியாது. கூட்டத்தை ஒரு சட்டத்துக்குள் அடுக்கக் கற்பதற்கு அதைவிட நல்ல பாடம் உண்டா? அந்தக் கோபாலன்தான் கோபுலு. பின்னாளில் அவர் வரைந்த கல்யாணப் பந்தல்களிலும் ரயிலடிகளிலும் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நிற்கும் மனிதர்களில் ஒருவர்கூடச் சும்மா நிற்பதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, ஒரு கவலை, ஒரு பார்வை இருக்கும்.

இன்னோர் இளைஞர் நாமக்கல்காரர், பி.எம். சீனிவாசன். சென்னை ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர். கோயிலையும் சிற்பத்தையும் வரையும்போது அவருடைய கை தனியாக ஒளிர்வதை மாலி பார்த்தார். அந்த வழியிலேயே போகச் சொல்லி, 'சில்பி' என்ற பெயரையும் கொடுத்தார். இதைவிடக் கூர்மையான விமர்சனம் ஓர் ஓவியனுக்குக் கிடைக்குமா என்று தெரியவில்லை. 'நன்றாக இருக்கிறது' என்ற பாராட்டு அன்றோடு தீர்ந்துவிடும். 'உன் கை இதில்தான் இருக்கிறது, இதை விடாதே' என்று ஒருவர் சொன்னால் அது வாழ்நாள் முழுமைக்கும் வேலை வைக்கும். 1940களின் இறுதியில் விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடங்கியது. எழுத்தாளர் தேவன் குறிப்புகள் எழுத, சில்பி ஊர் ஊராகப் போய்க் கோயில்களில் உட்கார்ந்து வரைந்தார்.

அந்தப் படங்களைப் பெரிதுபடுத்திப் பார்க்க வேண்டும். கல் என்பது ஒரே நிறமுள்ள பொருள். அதில் செதுக்கிய முத்துமாலைக்கும் மார்புக்கும் ஆடை மடிப்புக்கும் நிறத்தால் வேறுபாடு காட்ட முடியாது. சில்பி எல்லாவற்றையும் கோட்டின் திசையால் காட்டுகிறார். தோளின் வளைவில் கோடுகள் தோளோடு வளைகின்றன. தூணின் தட்டையான முகத்தில் அவை நேராக நிற்கின்றன. நிழல் விழும் இடத்தில் குறுக்குக் கோடுகள் நெருங்குகின்றன, வெளிச்சம் படும் விளிம்பில் காகிதமே கல்லாகிவிடுகிறது. கருவறையின் விளக்கொளியில் பார்த்த மூலவரைக் கறுப்பு மசியில் கொண்டுவந்த கை அது. மனித உருவங்களை விட்டுவிட்டு ஒரே துறையில் குறுகினார் என்று இதைச் சிலர் நினைக்கலாம். எனக்கோ, குறுகிய வாசல் வழியாகப் பெரிய மண்டபத்துக்குள் போனவராகத்தான் தெரிகிறார்.

அச்சகத்தின் கேள்வி இன்னும் கறாரானது. அக்காலத்தில் ஓவியர் வரைந்த கோட்டுப் படத்தைப் புகைப்படம் எடுத்து, துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து, 'லைன் பிளாக்' செய்வார்கள். படத்தைப் பெரிதாக வரைந்து கொடுக்க, பிளாக்கில் அது சுருங்கும். சுருங்கும்போது மிக மெல்லிய கோடு உடைந்து காணாமல் போகும். நெருங்கிப் போட்ட கோடுகளுக்கு நடுவே மசி அடைத்துக்கொள்ளும். மட்டரகக் காகிதம் மசியை உறிஞ்சி, கோட்டை இன்னும் தடிமனாக்கும். ஆகவே பத்திரிகை ஓவியர் தன் மேஜையில் தெரியும் படத்தை வரையக் கூடாது. வாசகர் கையில் போய்ச் சேரப்போகும் படத்தை வரைய வேண்டும். எதை விடுவது என்ற அறிவை அந்தத் தகடு கற்றுக்கொடுத்தது. கோபுலுவின் படங்களில் தெரியும் அந்தக் காற்றோட்டம், ஒரு திண்ணையைச் சொல்ல இரண்டே கோடு போதும் என்ற துணிச்சல், பிளாக் அறையின் கண்டிப்பில் விளைந்ததுதான் என்று நம்புகிறேன்.

எழுத்தாளர் கேட்பது வேறு வகை. கதைக்கு வரையும் ஓவியர் பக்கவாத்தியக்காரர் மாதிரி. பாடகர் போகும் வழியில் கூடவே போக வேண்டும், அவரை மறைக்கக் கூடாது, தனக்கு இடம் வரும்போது தயங்கவும் கூடாது. 1950 அக்டோபரில் கல்கி பத்திரிகையில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது ஓவியர் மணியத்துக்குக் கிடைத்தது அப்படியோர் இடம். மூன்றரை ஆண்டுக்கு மேல், வாராவாரம். சோழர் காலத்து மனிதர்களின் முகத்துக்குப் புகைப்படம் கிடையாது. எழுத்தாளர் கல்கி ஓவியரையும் உடன் அழைத்துக்கொண்டு இலங்கைக்குப் போனார், கதை நடக்கும் இடங்களை இருவரும் பார்த்தார்கள். சிலைகளில் பார்த்த நகைகள், கொண்டைகள், நிற்கும் நிலைகள் எல்லாம் படங்களுக்குள் வந்தன. கதையில் வரும் நந்தினிக்கு மணியம் போட்ட ஆண்டாள் கொண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பக்தியின் அடையாளமான ஒரு கொண்டை, பழிவாங்கும் நெருப்பை உள்ளே வைத்திருக்கும் பெண்ணின் தலையில் சாய்ந்திருக்கிறது. கதை பல பக்கங்களில் சொல்லும் முரணை அந்த ஒரு கொண்டை சொல்லிவிடுகிறது. கேட்டதைக் கொடுத்து, கேட்காத ஒன்றையும் கூடவே கொடுத்த இடம் இது. ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்யும் வேலை கலையாக உயர்வது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

மணியம் 1968இல், நாற்பத்து நான்கு வயதில் மறைந்தார். கதையோ மீண்டும் மீண்டும் வெளிவந்தது. வினு, மணியத்தின் மகன் மணியம் செல்வன், சில்பியின் சீடர் பத்மவாசன் என்று அடுத்தடுத்த கைகள் அதே மனிதர்களை வரைந்தன. இப்போது வண்ணமும் வசதியும் கூடிவிட்டன, ஆனால் வேலை கடினமாகிவிட்டது. வாசகர் மனத்தில் மணியம் வரைந்த நாயகன் வந்தியத்தேவன் ஏற்கெனவே குதிரையேறிவிட்டான். அவனை அப்படியே வரைந்தால் நகல் என்பார்கள், மாற்றி வரைந்தால் இவன் அவனில்லை என்பார்கள். ஒரே தலைப்பைத் தலைமுறைகள் கைமாற்றிக்கொண்ட இந்த நீண்ட போட்டியில், ஒவ்வொருவரும் தம் முன்னோரைப் படித்துவிட்டுத்தான் தம் கோட்டைக் கண்டுபிடித்தார்கள். பத்மவாசனின் படங்களில் நகையின் ஒவ்வொரு மணியும் செதுக்கியதுபோல் நிற்கும்போது, சில்பியின் கல் அங்கே துளிர்ப்பதை நான் பார்க்கிறேன்.

கோபுலுவுக்கு அப்படி வாய்த்த கதை 'தில்லானா மோகனாம்பாள்'. கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் விகடனில் எழுதினார். நாதஸ்வரமும் சதிரும் கோயில் திருவிழாவும் நிறைந்த தஞ்சை மண், ஓவியருக்குச் சொந்த மண். நாதஸ்வரக்காரர் சண்முகசுந்தரத்தின் நெஞ்சு நிமிர்ந்த இறுமாப்பு, ஆடும் மோகனாவின் இடுப்பொசிவு, வைத்தியின் வளைந்த முதுகு ஆகிய மூன்றும் மூன்று வகைக் கோடுகள். 1968இல் கதை திரைப்படமாக வந்தபோது, விகடனில் பார்த்திருந்த வாசகர்கள் திரையில் அந்த உருவங்களைத் தேடினார்கள் என்றால் வியப்பில்லை.

அதே கோபுலு 1960களில் விகடனை விட்டு விளம்பரத் துறைக்குப் போனார், பின்னர் சொந்தமாகவே விளம்பர நிறுவனம் நடத்தினார். பத்திரிகையில் புகழின் உச்சியில் இருந்தவர், சோப்புக்கும் மருந்துக்கும் படம் கேட்கும் மேஜைகளின் முன் உட்காரத் தயங்கவில்லை. விளம்பரத்தில் கதை இல்லை, ஒரே ஒரு பார்வைதான் உண்டு. கண் ஒரு நொடி நிற்கும் இடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். தலைப்பே இல்லாத நகைச்சுவைப் படங்களை ஏற்கெனவே வரைந்து பழகியவருக்கு அந்தச் சிக்கனம் புதிதல்ல. முதுமையில் பக்கவாதம் வலக்கையைத் தாக்கியபோது இடக்கையால் வரைந்தார். வரைவது கையில் மட்டும் இருந்திருந்தால் அது முடிந்திருக்காது. அத்தனை ஆண்டுகள் அத்தனை பேர் கேட்டுக் கேட்டுக் கூர்மையாக்கிய பார்வை, அடுத்த கையைப் பழக்கிக்கொண்டது.

யாரும் கேட்காதபோது தானே தன்னிடம் கேட்டுக்கொள்வதும் உண்டு. 1969இல் காந்தி நூற்றாண்டின்போது ஓவியர் கே.எம். ஆதிமூலம் காந்தியை நூறு கோட்டுச் சித்திரங்களாக வரைந்தார். ஒரே மனிதர், கறுப்பும் வெள்ளையும் மட்டும். பத்துப் படங்கள் வரை பழகிய உத்திகள் கைகொடுக்கும்; இருபதில் தீர்ந்துபோகும்; அதற்குப் பிறகுதான் தேடல் தொடங்கும். அவருடைய காந்தி சில படங்களில் நரம்புகளாக இருக்கிறார், சிலவற்றில் நடையாக மட்டுமே இருக்கிறார். பின்னாளில் எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு ஜூனியர் விகடனில் அவர் வரைந்தபோது, கரிசல் மனிதர்களின் தோலையும் வெயிலையும் சொன்ன அந்தச் சொரசொரப்பான கோட்டுக்கு, நூறு காந்திகளின் உழைப்பு பின்னால் இருந்தது.

இன்று உலகெங்கும் அக்டோபர் மாதத்தில் நாளுக்கொரு மசி ஓவியம் வரையும் 'இங்க்டோபர்' பழக்கத்தை, 2009இல் ஜேக் பார்க்கர் என்ற அமெரிக்க ஓவியர் தன் கையைத் தேற்றிக்கொள்வதற்காகத் தொடங்கினார். நம் இளைஞர்கள் பலரும் அதில் முப்பத்தொரு நாளும் வரைகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. மசியில் அழிக்க வழியில்லை. நாளைக்குத் தள்ளிப்போடவும் வழியில்லை. வாரப் பத்திரிகை கொடுத்த இரண்டு கண்டிப்புகளும் அதில் இருக்கின்றன. இல்லாதது மாலிதான். நூறு பேர் விருப்பக் குறி போடலாம். 'இந்தத் தோள் சரியாக உட்காரவில்லை, இந்த முகத்தில்தான் நீ இருக்கிறாய்' என்று சொல்லும் ஒருவரை ஓவியர் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதேபோல வாடிக்கையாளர் மூன்றாம் முறை திருத்தம் கேட்கும்போது மனம் சலிக்கும். அவர் சொல்லும் தீர்வு தவறாக இருக்கலாம், ஆனால் அவர் கண் தடுக்கிய இடம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்த இடத்தைத் தன் வழியில் சரிசெய்யத் தெரிந்தவருக்கு ஒவ்வொரு திருத்தமும் ஒரு பாடம்.

படம் வரையும் பிள்ளைகளிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான். உங்களுக்கு நன்றாக வருவதை வரைந்து மகிழுங்கள், அது உங்கள் உரிமை. கூடவே, உங்களுக்கு இன்னும் வராத ஒன்றைக் கேட்கும் மனிதர் ஒருவரை எப்போதும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரோ, எழுத்தாளரோ, நண்பரோ, காசு கொடுப்பவரோ, யாராக இருந்தாலும் சரி. ரசிகர்களான நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. படத்தைப் பார்த்துவிட்டு 'அருமை' என்று கடந்து போகாமல், எந்தக் கோட்டில் நம் கண் நின்றது என்பதை வரைந்தவரிடம் சொல்வோம். நன்றாகக் கேட்கத் தெரிந்த வாசகர்கள் இருக்கும் ஊரில் நன்றாக வரையும் கைகளுக்குப் பஞ்சம் வராது.