சேற்றுக்கும் ஊர் உண்டு

ராணுவ மாடல் செய்கிறவர்களில் பலர் பிளாஸ்டிக் டாங்கியைப் பிழையில்லாமல் ஒட்டி, அடிவண்ணத்தையும் சீராகப் பூசிவிடுகிறார்கள். அதைக் களம் கண்ட வண்டியாக மாற்றும் வெதரிங் வேலைக்கு ஆயில் பெயின்டைத்தான் நான் முதலில் சொல்வேன். அக்ரிலிக் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். ஆயிலோ காத்திருக்கும். ஒரு புள்ளி வைத்து, ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்த தூரிகையால் கீழே இழுத்தால் மழைக்கறை. பரப்பித் தேய்த்தால் வெயிலில் வெளுத்த தகடு. பிடிக்காவிட்டால் ஒரு மணி நேரம் கழித்தும் துடைத்துவிடலாம்.

அந்த நிதானமே அதன் குறையும்கூட. ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஜனவரியில் கொழிஞ்சாம்பாறையில் இது பெரிய தொல்லையில்லை. ஜூலை மாத தேவிகுளத்தின் குளிரிலும் ஈரத்திலும் அதே பூச்சு நாள்கணக்கில் பிசுபிசுத்துத் தூசியை இழுத்துக்கொள்ளும். பெயின்டை முதலில் அட்டையில் பிதுக்கி எண்ணெயை உறிஞ்சவிட்டால் பாதித் தொல்லை தீரும், பளபளப்பும் அடங்கும். மீதிப் பாதி நிறத்தேர்வில் இருக்கிறது. அம்பர் நிறங்களிலுள்ள மாங்கனீஸ் உலர்தலை விரைவாக்கும். ஐவரி பிளாக் தாமதப்படுத்தும். மழைக்காலத்தில் கறுப்பைத் தொடாமல், பர்ன்ட் அம்பரில் சிறிது அல்ட்ராமரைன் கலந்து இருளை உண்டாக்குவதே மேல்.

மலிவான மாணவர் தர ட்யூபை வாங்க வேண்டாம். நிரப்புப்பொருள் மிகுந்த அந்தப் பெயின்டை வாஷுக்காக நீர்க்கச் செய்தால் நிறம் திட்டுத்திட்டாகத் திரளும். 1/35 அளவில் 0.2 மி.மீ. துகள் என்பது 7 மி.மீ. கல்.

என் பெரிய மனக்குறை வேறு. மாடல்காரர்களுக்கென்றே சேறு, தூசி, துரு என்ற பெயர்களில் கலந்து விற்கும் ட்யூப்கள் கையை வேகப்படுத்துகின்றன, கண்ணைச் சோம்பலாக்குகின்றன. ராணுவத்தின் டட்ரா லாரிகளைத் தயாரிக்கும் பெமல் நிறுவனத்துக்குப் பாலக்காட்டின் கஞ்சிக்கோட்டிலும் ஓர் ஆலை உண்டு. அந்த லாரியைச் சிற்றூர் வட்டக் கரிசலில் ஓடியதாகக் காட்ட ரா அம்பரும் துளி வெள்ளையும் வேண்டும். போடிமெட்டு ஏறி இடுக்கிக்குள் வந்ததாகக் காட்ட பர்ன்ட் சியன்னாவின் செம்மை வேண்டும். ஒரே ட்யூப் இரண்டுக்கும் பொருந்தாது. யெல்லோ ஓக்கரையும் சேர்த்து ஐந்தாறு நல்ல ட்யூப்கள் இருந்தால் இந்த மண்கள் எல்லாவற்றையும் கலந்துவிடலாம்.

வரலாற்று மாடல்களில் இந்தத் தவறு இன்னும் உறுத்துகிறது. 1965 செப்டம்பரில் அசல் உத்தரின் கரும்புக்காடுகளில், நீர் பாய்ச்சிய வயல்களில் பேட்டன் டாங்கிகள் சிக்கின. 1971 டிசம்பரில் லோங்கேவாலாவில் டைப் 59 டாங்கிகள் புதைந்தது தார் பாலைவன மணலில். முன்னதற்குச் சக்கரப் பட்டைகளில் ஈரமாக மினுங்கும் அடர்பழுப்பு, பின்னதற்கு மங்கலான ஓக்கர்ப் படலம். ஐரோப்பியக் களங்களை மனதில் வைத்துக் கலந்த ஒரே சேற்றை இரண்டிலும் அப்பிய மாடல்களில் அந்தப் போர்க்களங்கள் இல்லை.