முதல் பக்கத்தில் இருக்கும் எண்

வர்ற ஜனவரி 31-ந்தேதி அத்தான் ஓய்வு பெறுகிறார். தனியார் கம்பெனி, 58 வயது, பத்து வருஷமாக சர்க்கரை. இதுவரை அவருக்கும் அக்காவுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுன்னா கம்பெனியோட க்ரூப் பாலிசிதான். கடைசி வேலைநாளோடு அதுவும் முடிகிறது. போன மாதம் மூன்று இன்ஷூரன்ஸ் பிரசுரங்களைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். "மாப்ள, நீதான் எதையும் அடிவரைக்கும் படிப்பியே. இதுல எது நல்லதுன்னு சொல்லு."

மூன்றின் முழு விதிகளையும் டவுன்லோடு செய்து படித்தேன். இரண்டு வாரம் ஆனது. அந்த வாசிப்பின் விமர்சனம்தான் இது. மூன்றுக்கும் ஒரே குறை என்பதால் கம்பெனிப் பெயர்கள் தேவையில்லை.

பிரசுரத்தின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு எண் இருக்கும்: 5 லட்சம், 10 லட்சம். காப்பீட்டுத் தொகை. நாம் ஒப்பிடுவது அதைத்தான். ஆனால் கையில் எவ்வளவு வரும் என்பதைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் இரண்டு வரிகள். ஒன்று, அறை வாடகை வரம்பு. இன்னொன்று, கோ-பே, அதாவது பில்லில் நம் பங்கு. முதியோருக்கான பாலிசிகளில் இவை இரண்டும் சேர்ந்தே வருவது சகஜம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். காப்பீடு 5 லட்சம். அறை வாடகை வரம்பு 1 சதவீதம், அதாவது நாளுக்கு 5,000 ரூபாய். கோ-பே 20 சதவீதம். நீங்கள் எடுத்த அறை நாளுக்கு 8,000, நான்கு நாள் தங்கினீர்கள். அறைக்கு 32,000, டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் எல்லாம் 2,40,000, மருந்து, பரிசோதனை 80,000. மொத்தம் 3,52,000. ஐந்து லட்சத்துக்குள்தானே, முழுசாகக் கிடைக்கும் என்று தோன்றும்.

கிடைக்காது. அறையில் கூடுதலான 3,000 மட்டும் நம் தலையில் விழும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் 5,000-க்கு 8,000 என்ற அதே விகிதத்தில் டாக்டர் ஃபீஸும் தியேட்டர் கட்டணமும் வெட்டப்படும். அறைக்கு 20,000, டாக்டர் வகையறாவுக்கு 1,50,000. மருந்து, பரிசோதனைக்கு இந்த வெட்டு கிடையாது, 80,000 அப்படியே. ஆக 2,50,000. அதில் 20 சதவீதம் கோ-பே போக, வருவது 2,00,000. கைக்காசு 1,52,000.

எங்கள் தொழிலில் ஒரு ஃபங்ஷனுக்குப் பெயர் வைத்தால், உள்ளே நடப்பதை அந்தப் பெயர் சொல்ல வேண்டும். 'ஐந்து லட்சம் தரும்' என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே இப்படி இரண்டு 'இஃப்' ஒளித்து வைத்தால் கோட் ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இங்கே அதைத்தான் பிரசுரம் என்கிறார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். விதிகள் முன்பைவிட நன்றாகவே இருக்கின்றன. பாலிசியோடு தகவல் தாள் ஒன்று தரவேண்டும் என்று ஐஆர்டிஏஐ கட்டாயமாக்கியிருக்கிறது. 2024 ஏப்ரலில் இருந்து, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் நாலு வருஷத்திலிருந்து மூன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் நான் பார்த்த மூன்று தாள்களிலும் மேலே போட்டது போல ஒரு கணக்குகூட இல்லை. வரம்பைச் சொல்கிறார்கள், அது என்ன செய்யும் என்பதைச் சொல்லவில்லை.

ப்ரீமியமும் இப்படித்தான். 60 வயதுக்கு மேற்பட்டோருக்கு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றவேண்டுமானால் ஐஆர்டிஏஐயைக் கலந்துபேச வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு. ஆனால் வருஷா வருஷம் 10 சதவீதமே ஏறினாலும், ஒரு பேச்சுக்கு 40,000 என்று ஆரம்பிக்கும் ப்ரீமியம் பத்து வருஷத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். 70 வயதானால் வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் பாரத்தில் குடும்பத்துக்கு 5 லட்சம் உண்டு. அத்தானுக்கு அதற்கு இன்னும் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது. சம்பளம் நின்றபிறகு எது கட்டுபடியாகும் என்பதுதான் கேள்வி. பிரசுரமோ இந்த வருஷத் தொகையை மட்டும் காட்டுகிறது.

மூன்று பிரசுரங்களிலும் இல்லாத ஒரு விஷயம்தான் அத்தானுக்கு அதிகம் உதவக்கூடியது. க்ரூப் பாலிசியில் இருப்பவர், வெளியேறும்போது அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேட்கலாம். ஏற்றுக்கொண்டால், க்ரூப்பில் தொடர்ந்து இருந்த காலம் காத்திருப்பில் கழியும். கம்பெனி உடல்நிலையைப் பார்த்துத்தான் முடிவு செய்யும், உறுதி கிடையாது. ஆனால் வேலையை விட்டு ஆறு மாசம் கழித்துக் கேட்டால் அந்த வாய்ப்பே இருக்காது. அலுவலகத்தில் யாரும் இதை அத்தானிடம் சொல்லவில்லை.

பிரசுரம் கொடுத்த ஏஜென்ட் சொன்னது வேறு. "சர்க்கரையை எழுதாதீங்க சார். அஞ்சு வருஷம் தாண்டிட்டா யாரும் கேள்வி கேக்க முடியாது." இது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. அறுபது மாதம் தொடர்ந்து கட்டியபிறகு, மறைத்ததைக் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது என்பது சரி. ஆனால் மோசடி என்று நிரூபித்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. தெரிந்தே மறைப்பதற்கு வேறு என்ன பெயர்? அதுவும் முதல் ஐந்து வருஷத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டோம் என்று 58 வயதில் யார் சொல்ல முடியும்?

கடைசியில், கோ-பேயும் அறை வரம்பும் இருந்த 10 லட்சத்தை விட்டுவிட்டு, இரண்டுமே இல்லாத 5 லட்சத்துக்கு, இப்போதைய க்ரூப் கம்பெனியிடமே விண்ணப்பிக்கச் சொன்னேன். கிராஜுவிட்டியில் ஒரு பகுதியை மருத்துவத்துக்கென்று தனி டெபாசிட்டாகப் போடச் சொன்னேன். பத்து லட்சத்தை விட்டு ஐந்துக்கு இறங்குவது அத்தானுக்கு லேசில் மனசு ஒப்பவில்லை. மேலே இருக்கும் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியபிறகுதான் சரி என்றார்.

விண்ணப்பத்தில் நோய்கள் பற்றிய கட்டம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். அக்கா சமையலறையிலிருந்தே சொன்னாள்: "சர்க்கரைன்னு எழுதுங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா கிளெய்ம் ஃபாரத்தோட நிக்கப்போறது நான்தானே."

எழுதினார். பதில் இன்னும் வரவில்லை.