எழுபது இடத்துக்குள் ஓர் எழுத்து

குறுஞ்செய்தியும் எழுத்துதான். அதிலும் தமிழில் வரும் குறுஞ்செய்தி, சிக்கனம் தெரிந்த எழுத்து.

முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் போனது. ஒரு செய்திக்கு ரோமன் எழுத்தில் 160 இடம்; யூனிகோடில் போகும் தமிழுக்கு 70தான். புள்ளிக்கும் துணைக்காலுக்கும்கூடத் தனி இடம் வேண்டும். 'அம்மா' என்று அடித்தாலே ஐந்து இடம் போய்விடும். தமிழைப் பலரும் ரோமன் எழுத்தில் அடித்துக்கொண்டிருந்த காலத்தில், மலேசியரான முத்து நெடுமாறனின் செல்லினம் என்ற செயலி 2005இல் கைப்பேசிக்குத் தமிழ் எழுத்தையே கொண்டுவந்தது.

பினாங்கு பைராம் தோட்டத்தில் இருக்கும் ஒரு தாய், வேலை முடிந்து திரும்பும் மகனுக்கு இப்படி அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம்: “மழை. மெதுவா வா. சோறு மூடி வெச்சிருக்கேன்.”

எழுபதுக்குள் தாராளமாக அடங்கிவிட்டது. காரணம் முதலில், கவலை நடுவில், பாசம் கடைசியில். இந்த வரிசையை மாற்றினால் அழகு குறையும். 'வைத்திருக்கிறேன்' என்று திருத்தினால் அவள் குரலே போய்விடும்.

யாருக்குச் சொல்கிறோம், எதைச் சொல்கிறோம், எதை விடுகிறோம் என்று பார்த்துச் செய்வதுதான் எழுத்து. அதை அவள் செய்திருக்கிறாள். அவளை எழுதுகிறவர் வரிசையில் வைக்க எனக்குத் தயக்கமே இல்லை.