லாயிட்ஸ் ரோடு எங்கே போனது? பின்போர்டு ஓடையைத் திறந்து பார்த்தால்

இணையத்தில் கண்ட சுட்டியைச் சேமித்து, குறிச்சொல் போட்டு, நாலு பேரோடு பகிர்ந்துகொள்ளும் தளங்களுக்கு 2003இல் வந்த டெலிஷியஸ் முன்னோடி. தமிழில் தமிழிஷ் இருந்தது. பிற்பாடு இன்ட்லி என்று பெயர் மாறியது. இன்றும் இந்த வேலையை விளம்பரமில்லாமல், சந்தா வாங்கிக்கொண்டு செய்கிறது பின்போர்டு. 2009இல் தொடங்கிய இது 2017இல் டெலிஷியஸையே விலைக்கு வாங்கியது.

சென்னை ராயப்பேட்டையின் தெருக்கள், பழைய கட்டடங்கள், அச்சகங்கள் பற்றிய சுட்டிகளை நாங்கள் சிலர் இதில் சேர்த்துவருகிறோம். தளத்தில் அலங்காரம் கிடையாது. பக்கம் சட்டென்று திறக்கிறது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. எங்களில் பலர் தளத்துக்கே போவதில்லை, கைபேசி ரீடரில் செய்தியோடையாகத்தான் படிக்கிறார்கள். அதனால் ஓடை எதைச் சுமந்து வருகிறது என்பதே எனக்கு முக்கியம்.

ஆர்எஸ்எஸ் ஓடையை எடிட்டரில் திறந்தேன். 2000ஆம் ஆண்டின் ஆர்எஸ்எஸ் 1.0 வடிவம், அடித்தளம் ஆர்டிஎஃப். பழையது என்று ஒதுக்கத் தேவையில்லை. பொருள் தொடர்பைச் சொல்வதற்கென்றே உண்டான கட்டமைப்பு அது. ஒவ்வொரு சுட்டியிலும் குறிச்சொற்கள் இரண்டு இடத்தில் வருகின்றன. டப்ளின் கோரின் 'சப்ஜெக்ட்' புலத்தில் எல்லாச் சொற்களும் இடைவெளி விட்டு ஒரே வரியாக நிற்கின்றன. 'டாக்ஸோ டாபிக்ஸ்' பகுதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் தனி முகவரி இருக்கிறது. இரண்டாவதுதான் உருப்படியான தகவல். ஆனால் பெரும்பாலான ரீடர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. தமிழில் அந்த முகவரி நீண்டும் போகிறது: 'ராயப்பேட்டை' என்பது யூனிகோடில் 11 குறியீடுகள், யுடிஎஃப்-8இல் 33 பைட்டுகள், முகவரியாக மாற்றினால் 99 எழுத்துகள்.

பின்போர்டின் குறிச்சொல்லுக்குள் இடைவெளியோ காற்புள்ளியோ வரக்கூடாது. 'அமீர் மஹால்' என்று எழுதினால் இரண்டு சொற்களாகப் பிரிந்துவிடும். அடிக்கோடு போட்டு ஒட்ட வேண்டும். ஒருவர் மஹால் என்பார், இன்னொருவர் மகால் என்பார். இதுவரை சமாளிக்கலாம்.

லாயிட்ஸ் ரோட்டில்தான் உண்மையான சிக்கல். 'ரோ' என்பதை ஓகாரக் குறி ஒன்றாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். இதை என்எஃப்சி என்ற யூனிகோட் இயல்பாக்கம் தீர்த்துவிடும். அந்தச் சாலையின் இன்றைய பெயருக்கு வாருங்கள்: ஔவை சண்முகம் சாலை. 'அவ்வை' என்று எழுதுவோர் உண்டு. 'ஔ' என்ற ஒற்றை எழுத்துக்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டுவோர் அதைவிட அதிகம். இயல்பாக்கம் இந்த 'ஒள'வைத் தொடாது. லாயிட்ஸ் ரோடும் இதுவும் ஒரே சாலை என்பதையோ எந்த எழுத்துக் கணக்கும் சொல்லாது. பைகிராஃப்ட்ஸ் ரோடு, பாரதி சாலை கதையும் இதுதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 'திருவிக' என்ற குறிச்சொல் ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் படித்த தமிழறிஞரைக் குறிக்கிறதா, அவர் பெயர் தாங்கிய சாலையைக் குறிக்கிறதா? ஓடையில் இரண்டும் ஒன்றாகவே வரும்.

பின்போர்டு ஜேசன் ஓடையும் தருகிறது. குறிச்சொற்கள் அதில் தனித்தனியாகப் பட்டியலாக இருப்பதால் கையாள எளிது. சின்ன பைத்தான் நிரல் ஒன்று எழுதி, அதை வாங்கி, சொற்களை இயல்பாக்கி, ஓர் அட்டவணையோடு ஒப்பிட்டு, ஆட்டம் (Atom) என்ற வடிவில் ஓடையாக வெளியிடுகிறேன். 2005இல் வகுக்கப்பட்ட ஆட்டத்தின் 'கேட்டகரி' உறுப்பில் மூன்று பண்புகள் உண்டு. 'டெர்ம்' கணினிக்கான அடையாளம், 'ஸ்கீம்' அது எந்தப் பட்டியலைச் சேர்ந்தது என்பது, 'லேபிள்' மனிதர் படிக்கும் பெயர். லாயிட்ஸ், ஔவை, அவ்வை, ஒளவை எதைப் போட்டாலும் டெர்ம் ஒன்றே. லேபிளில் 'ஔவை சண்முகம் சாலை (லாயிட்ஸ் ரோடு)' என்று வருகிறது. திரு.வி.க.வுக்கு ஆள் ஒரு டெர்ம், சாலை ஒரு டெர்ம். எந்தத் திரு.வி.க. என்பதை மட்டும் சுட்டியைச் சேர்ப்பவரே குறிக்க வேண்டும், நிரலால் ஊகிக்க முடியாது.

இதையே பெரிய அளவில் செய்கிறது விக்கித்தரவு. சென்னைக்கு அங்கே கியூ1352 என்று ஓர் எண். மெட்ராஸ் என்று தேடினாலும் அங்கேதான் போய்ச் சேர்வோம். பேட்டைத் தெருக்களுக்கு இப்படியொரு பட்டியலைப் பேட்டைக்காரர்கள்தான் போட வேண்டும். எங்கள் அட்டவணையில் பழைய பெயர்களை நிரப்பியவர்களில் பெரும்பாலோர் கணினி பக்கமே வராத பெரியவர்கள். இந்த முயற்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

சுட்டிகளை நம்பி ஒப்படைக்க பின்போர்டு நல்ல இடம். தமிழில் குறிச்சொல் போடுபவர்கள் அதன் ஆர்எஸ்எஸ் ஓடையை அப்படியே பகிராதீர்கள்; ஜேசனை எடுத்துச் செப்பனிட்டுக் கொடுங்கள். தளம் நடத்துபவர்களிடம் கேட்க இரண்டு இருக்கின்றன: சப்ஜெக்ட் புலத்தைச் சொல்லுக்கு ஒன்றாகப் பிரியுங்கள், குறிச்சொல்லுக்கு மாற்றுப்பெயர் சேர்க்க ஒரு கட்டம் கொடுங்கள்.