ஜின்னுக்குக் கொடுக்கும் விலை

ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்த 'மேஜிக்: தி கேதரிங்' 1993 ஆகஸ்டில் வெளிவந்தது. அந்த டிசம்பரிலேயே ஆயிரத்தொரு இரவுகள் கதைகளைத் தழுவிய 'அரேபியன் நைட்ஸ்' என்னும் 78 அட்டைத் தொகுப்பும் வந்தது. ஸ்வீடனில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய 'ஓல்டு ஸ்கூல் 93/94' ஆட்டமுறை அந்தத் தொடக்க ஆண்டுகளின் அட்டைகளை வைத்தே ஆடப்படுகிறது. அதில் அரேபியன் நைட்ஸைக் கருப்பொருளாக வைத்து 60 அட்டைக் கட்டு அமைப்பவர்கள், எத்தனை அட்டைகள் அந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்று எண்ணியே கட்டின் தரத்தை முடிவு செய்கிறார்கள். இந்த அளவுகோல் எனக்கு ஏற்புடையதல்ல. ஒரு கட்டின் கருப்பொருளை அது வெல்லும் விதத்திலும் தோற்கும் விதத்திலும் தேட வேண்டும்.

இத்தொகுப்பின் சிறந்த அட்டைகளுக்குள் ஓர் ஒற்றுமை உண்டு. பெரும் வலிமையை மலிவாகத் தந்துவிட்டு, ஆள்பவனிடமே அதற்கு விலை வாங்குகின்றன. அரபியர் இலங்கையை அழைத்த பெயரைத் தாங்கிய 'செரெண்டிப் எஃப்ரீட்' மூன்றே மானாவுக்கு (அட்டையை இறக்கச் செலவிடும் ஆற்றல்) பறக்கும் 3/4 உயிரி, அதாவது தாக்குவலிமை 3, தாங்குவலிமை 4. ஆனால் தன் எஜமானனின் உயிரில் முறைக்கு ஒரு புள்ளியைக் குடிக்கிறது. எந்த நிற மானாவையும் தரும் 'சிட்டி ஆஃப் பிராஸ்' நிலமோ பயன்படுத்தும்போதெல்லாம் ஒரு புள்ளி பறிக்கிறது. இரண்டு எஃப்ரீட்டும் ஒரு சிட்டியும் சேர்ந்தால் முறைக்கு மூன்று புள்ளி போகும். தொடக்கத்தில் இருக்கும் 20 உயிர்ப் புள்ளியும் ஏழு முறையில் தீர்ந்துவிடும். அதே இரண்டு எஃப்ரீட்டும் தடையின்றித் தாக்கினால் எதிராளி நான்கு முறையில் வீழ்வார். அடிமையாக வந்த பூதம் எஜமானனையே விழுங்கப் பார்க்கும் கதை இந்தக் கணக்கிலேயே நடக்கிறது. பத்து மானா கேட்கும் 'அலாதீன்ஸ் லாம்ப்' போன்ற அழகுப் பொருளுக்கு இந்தப் பந்தயத்தில் இடமில்லை. அடுத்த சிக்கல் காடு என்னும் நில அட்டை. 'கிர்ட் ஏப்' குரங்குக்கு நம்மிடம் காடு இருந்தால்தான் பலம். 'எர்னாம் ஜின்' இருந்தாலோ ஒவ்வொரு முறையும் எதிராளியின் உயிரி ஒன்று நம் காட்டின் வழியே தடுக்க முடியாமல் வரும். இரண்டையும் வைத்துக்கொள்ள ஆசைப்படுவது வெறும் பட்டியல் மோகம். நான் குரங்கை நீக்குவேன். காட்டையும் முற்றிலும் ஒழித்துவிட முடியாது: நான்கு சிட்டியும் பச்சை மானா தரும் 'மாக்ஸ் எமரால்டு' ஒன்றும் அந்த மானாவுக்குப் போதாது. காடாகவும் கணக்கில் வரும் 'டிராபிக்கல் ஐலண்ட்' நிலங்கள் சில வேண்டும். அவற்றால் வரும் ஆபத்தைத் தெரிந்தே ஏற்க வேண்டும்.

வெளி அட்டை ஒன்று நுழைந்தாலும் கருப்பொருள் கெட்டுவிடும் என்பார்கள். அவர்களுக்கு அத்தொகுப்பே விடை வைத்திருக்கிறது. இரண்டு மானா விலையுள்ள 'சிட்டி இன் எ பாட்டில்' களத்தில் இறங்கினால், அதைத் தவிர மற்ற எல்லா அரேபியன் நைட்ஸ் அட்டைகளும் அழியும். அத்தொகுப்பிலிருந்து புதிதாக எதையும் இறக்கவும் முடியாது. எதையும் அழிக்கவல்ல 'டெசர்ட் ட்விஸ்டர்' அதே தொகுப்பில் இருக்கிறது, ஆனால் அதுவும் இந்தத் தடைக்கு உட்பட்டது. ஆகவே முழுத்தூய்மையான கட்டு ஒரே அட்டையிடம் தோற்கும், மீளவும் வழியில்லை. அந்த பாட்டிலை அழிக்கவோ தடுக்கவோ வல்ல 'ஷேட்டர்', 'கிரம்பிள்', 'கவுண்டர்ஸ்பெல்' போன்ற வெளி அட்டைகள் ஜின்களைக் களத்தில் நிலைக்கவைக்கின்றன என்றால், அவை கருப்பொருளுக்குத்தான் உழைக்கின்றன. பெயரை மட்டும் பார்த்துச் சேர்ப்பதில் இன்னும் பெரிய கேடு உண்டு. இத்தொகுப்பின் 'ஜிகாத்', 'ஸ்டோன்-த்ரோயிங் டெவில்ஸ்' என்னும் இரு அட்டைகளை, இன, பண்பாட்டு நோக்கில் இழிவானவை என்று வெளியீட்டு நிறுவனமே 2020இல் தடைசெய்தது. மேற்கின் கண்ணில் தெரிந்த அரபுலகம் இது என்பதை அட்டைகளைத் தேர்ந்தெடுப்பவர் மறக்கக் கூடாது.

வெற்றிதான் குறியென்றால் கருப்பொருளே எதற்கு என்ற கேள்வி வலுவானது. பிரையன் வைஸ்மனின் புகழ்பெற்ற 'தி டெக்' வகைக் கட்டை எடுத்துக்கொண்டால் வெற்றி வாய்ப்பு கூடும், அதை மறுக்கவில்லை. ஆனால் புது அட்டை வராத மூடிய தொகுப்பில் சிறந்த கட்டுகள் எவை என்பது பெரும்பாலும் தெரிந்துவிட்டது. அவற்றை நகலெடுப்பவருக்குக் கண்டுபிடிக்க அதிகம் மிச்சமில்லை. பணத்தைப் பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. இத்தொகுப்பின் 'ஜூஸாம் ஜின்' 1996இல் மறுஅச்சிடாப் பட்டியலில் சேர்ந்தது. அதன் விலை சாதாரண ஆட்டக்காரரின் கைக்கு எட்டாது. எனினும் 1994இன் 'ரிவைஸ்டு' பதிப்பில் எஃப்ரீட் உண்டு, 1995இன் 'க்ரோனிக்கிள்ஸ்' பதிப்பில் எர்னாமும் சிட்டி ஆஃப் பிராஸும் உண்டு. மறுஅச்சை ஏற்கும் வட்டாரங்களில் இவையே போதும். ரிவைஸ்டு எஃப்ரீட்டில் பச்சைச் சட்டமும் வேறொரு எஃப்ரீட்டின் படமும் தவறுதலாக அச்சாகின. ஆனாலும் களத்தில் அது அதே நீல எஃப்ரீட்தான், அதே விலையைத்தான் கேட்கிறது. 'கிங் சுலைமான்' ஒரு ஜின்னையோ எஃப்ரீட்டையோ அழிக்கும் 1/1 அட்டை. எதிராளிகளும் எர்னாமை நம்பும் இந்த ஆட்டமுறையில், 15 அட்டை மாற்றுக் கட்டில் அவருக்கு நான் தயங்காமல் இடம் தருவேன்.