எட்டும் தூரமும் குறியும்

1752-இல் ராபர்ட் கிளைவ் சென்னை அருகேயுள்ள கோவளம் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த நாளில், சிப்பாயின் மஸ்கெட்டை நம்பி நூறு கஜத்துக்கு அப்பால் நிற்பவனைக் குறிவைக்க முடியாது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து வந்த .303 லீ-என்ஃபீல்ட் துப்பாக்கியில் 2,800 கஜம் வரை குறிகாட்டி வைத்தார்கள். வெறும் பேராசை. அத்தனை தொலைவில் ஆளே கண்ணுக்குத் தெரியமாட்டான். முதல் உலகப் போரின் நடுவிலேயே அதைக் கைவிட்டார்கள்.

அந்த .303 தோட்டாவின் மெய்யான வளர்ச்சி மருந்திலும் குண்டின் உருவத்திலும் இருந்தது. கரிமருந்து போய்க் கார்டைட் வந்தது. நீலகிரியின் அருவங்காட்டில் அதற்கென்றே ஆலை எழுந்தது. தொடக்கக் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 விழுக்காடு. அதன் சூடு குழலையே அரித்ததால் 30 ஆகக் குறைத்தார்கள். 1910-இல் 13.9 கிராம் மழுங்கல் மூக்குக் குண்டுக்குப் பதிலாக 11.3 கிராம் கூர்மூக்குக் குண்டு வந்தது. எடை குறைந்தது, வேகம் கூடியது, குண்டின் பாதையும் தட்டையானது.

இன்று நம் ராணுவம் எல்லையில் 7.62 மி.மீ. டிராகுனோவ் துப்பாக்கியை விலக்கி .338 லாப்புவா மேக்னம் தோட்டாவுக்கு மாறிவருகிறது. இதன் பெருமை வேகத்தைவிடக் காற்றுக்கு அசையாமையில்தான் இருக்கிறது. கோவளத்தில் பிற்பகல் கடற்காற்று மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசினால், 1,000 கஜத்தில் 7.62 குண்டு ஏறத்தாழ இரண்டரை மீட்டர் விலகும்; .338 ஒன்றரை மீட்டர் அளவில் நிற்கும். ஆனாலும் அது விலகல்தான். காற்றைப் படிக்கத் தெரியாதவன் கையில் விலையுயர்ந்த தோட்டாவும் குறி தப்பும்.

.338-க்குக் கொடுக்கும் விலையும் உண்டு. கனத்த துப்பாக்கி, தோளை நோகடிக்கும் உதை, சீக்கிரம் தேயும் குழல். 2007-இல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்த 6.5 கிரீட்மூர் தோட்டா எதிர்த்திசையில் போனது: மெலிந்த நீளமான குண்டு, குறைந்த உதை. ஆயிரம் மீட்டருக்குள் இதுவே அறிவார்ந்த வழி என்பது என் கணிப்பு. அதற்கு மேல்தான் மேக்னத்துக்கு வேலை.

விளம்பரங்கள் பேசாத குறை ஒன்று உண்டு. தூரத்திலும் வலுக் குறையாத குண்டு, குறி தப்பினாலும் வலுக் குறையாமலே பறக்கும். சாதாரண 7.62 குண்டே நான்கு கிலோமீட்டர் அருகில் வரை போகக்கூடியது. 2021 டிசம்பரில் புதுக்கோட்டை நார்த்தாமலை அருகே பாதுகாப்புப் படையினரின் சுடுதளத்துக்கு வெளியே, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் குண்டு பாய்ந்து, சில நாளில் இறந்தான். கோவளத்துக்கு மேற்கே அனுமந்தபுரத்திலும் சுடுதளம் இருக்கிறது, சுற்றிலும் ஊர்கள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. புதிய தோட்டா வாங்கும்போதே, அதைச் சுட்டுப் பழகும் தளத்தில் குண்டைத் தடுக்கும் பின்மேடு எத்தனை உயரம், அதற்கப்பால் எத்தனை வீடு என்றும் அளந்திருக்க வேண்டும்.