கைமாறும் கிட்டார்

‘வாரணம் ஆயிரம்’ (2008) படத்தில் வரும் கிட்டார் எதைக் குறிக்கிறது? வகுப்பில் கேட்டுப் பாருங்கள். “காதல்” என்று உடனே பதில் வரும். ‘கோகோ’ (2017) படத்தில்? “கனவு.” ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ (1965)? “மகிழ்ச்சி.” மூன்று விடைகளிலும் தவறு சொல்ல முடியாது. ஆனால், மூன்றையும் இடம் மாற்றி எழுதினாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. எந்தப் படத்துக்கும் பொருந்துகிற விடையை, எந்தப் படத்தையும் பார்க்காமலே எழுதிவிடலாம் அல்லவா? அங்கேதான் சிக்கல்.

‘குறியீடு’ என்ற சொல்லை எழுதியதும் திறனாய்வு முடிந்துவிட்டதாக நாம் நினைத்துவிடுகிறோம். உண்மையில் அங்கேதான் அது தொடங்க வேண்டும். கிட்டார் வரும் சில கதைகளையும் படங்களையும் வைத்து ஓர் எளிய வழியைப் பார்ப்போம். இரண்டே கேள்விகள்தான். அந்தக் கருவி யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது? அப்படிக் கைமாறிய பிறகு, கதையில் எது முன்பு போல இல்லை?

இந்த வழி நமக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் கானல்வரியை நினைத்துக்கொள்ளுங்கள். சுருதி சேர்த்த யாழை மாதவி கோவலனிடம் கொடுக்கிறாள். அவன் பாடுகிறான். அவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாளோ என்று அவளுக்குத் தோன்றுகிறது. யாழை வாங்கித் தானும் அதேபோலப் பாடுகிறாள். கோவலன் எழுந்து போய்விடுகிறான். யாழ் இரண்டு முறை கைமாறியது. ஒரு வாழ்க்கை முறிந்தது. யாழ் காதலின் குறியீடு என்று மட்டும் எழுதினால், இந்த முறிவு விடையில் எங்கே வரும்?

கிட்டாருக்கு வருவோம். ‘டான் குயிக்ஸாட்’ எழுதிய ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டிஸ், 1613இல் வெளியிட்ட கதைத் தொகுப்பில் பொறாமை பிடித்த கிழவன் ஒருவனின் கதை இருக்கிறது. பெயர் கரிசாலெஸ். வெளிநாட்டில் பொருள் சேர்த்துக்கொண்டு செவில் நகரில் குடியேறியவன். இளம்பெண் ஒருத்தியை மணந்து, வீட்டையே கோட்டையாக்குகிறான். தெருப்பக்க ஜன்னல்களை அடைத்துவிடுகிறான். வேறு ஆண் வாடையே உள்ளே வரக்கூடாது என்பது கட்டளை. வாசலில் லூயிஸ் என்ற வயதான அடிமை காவல் இருக்கிறான்.

இந்தக் கோட்டைக்குள் நுழைய நினைக்கிற லோய்சா என்ற இளைஞன் கத்தி எடுத்து வரவில்லை. நொண்டிப் பிச்சைக்காரன் வேடத்தில் வாசலில் உட்கார்ந்து கிட்டார் வாசிக்கிறான். லூயிசுக்கு இசை என்றால் உயிர். “உனக்கும் கற்றுத் தருகிறேன்” என்று ஆசை காட்டுகிறான் லோய்சா. அவ்வளவுதான், வெளிக்கதவு திறந்தது. பிறகு உள்ளே இருக்கும் பெண்களின் காதுகள் திறந்தன. சாவியை மெழுகில் பதித்து எடுப்பதெல்லாம் அப்புறம் நடப்பது. கிட்டாரை எடுத்துவிட்டால் இந்தக் கதையே நகராது.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. லோய்சா உள்ளே வருவது காதலனாக அல்ல, ஆசிரியனாக. லூயிசின் கைக்கு வரப்போகும் வித்தை என்பது வெறும் தூண்டில். கற்கும் ஆசையைப் பயன்படுத்தி ஒருவனை ஏமாற்றுகிற கதை இது. இங்கே ‘கிட்டார் காதலைக் குறிக்கிறது’ என்று எழுதினால், ஏமாந்துபோன லூயிசை நாமும் மறந்துவிடுகிறோம்.

இதற்கு நேர் எதிரான கைமாற்றம் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தில் நடக்கிறது. ராபர்ட் வைஸ் இயக்கிய படம். கன்னிமடத்திலிருந்து வரும் மரியாவின் கையில் ஒரு பையும் ஒரு கிட்டார் பெட்டியும் இருக்கின்றன. அவள் நுழையும் வீட்டில் மனைவி இறந்தபின் பாட்டுக்கு இடமில்லை. ஏழு பிள்ளைகளையும் கேப்டன் விசில் ஊதி அழைக்கிறார். மரியா கிட்டாரை வைத்துப் பிள்ளைகளுக்குச் சுரம் சொல்லித் தருவது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆனால் திருப்பம் அங்கே இல்லை. அதே வீட்டில் பின்பு கிட்டார் கேப்டனின் கைக்கு வருகிறது. அவர் மெல்லப் பாடுகிறார். பிள்ளைகளுக்குத் தங்கள் அப்பா திரும்பக் கிடைக்கிறார்.

அதே பாட்டை அவர் சால்ஸ்பர்க் விழா மேடையில் மறுபடி பாடுகிறார். ஆஸ்திரியா அப்போது ஹிட்லரின் ஜெர்மனிக்குள் போய்விட்டது. ஜெர்மானியக் கடற்படையில் சேரும்படி அவருக்குக் கட்டளை. பாடும்போது குரல் உடைகிறது, மரியா சேர்ந்துகொள்கிறாள், அரங்கமே பாடுகிறது. வீட்டுக்குள் தந்தையைத் திருப்பித் தந்த பாட்டு, மேடையில் நாட்டை இழந்தவர்களின் பாட்டாக மாறுகிறது. பாட்டு ஒன்றுதான், பாடுபவரும் ஒருவர்தான். இடம் மாறியதும் பொருள் மாறிவிட்டது. ‘மகிழ்ச்சி’ என்ற ஒற்றைச் சொல் இதைத் தாங்குமா?

கொஞ்சம் இலேசான ஓர் எடுத்துக்காட்டு: ‘பேக் டு தி ஃபியூச்சர்’ (1985). காலத்தில் பின்னோக்கிப் போய் 1955இல் மாட்டிக்கொண்ட மார்ட்டி, பள்ளி நடன விழாவில் தன் அப்பா அம்மாவைச் சேர்த்து வைக்க வேண்டும். இல்லையென்றால் அவன் பிறக்கவே மாட்டான். கிட்டார் வாசிப்பவரின் கையில் காயம். வாசிக்க ஆள் இல்லை. இசை நின்றால் நடனமும் நிற்கும். கிட்டார் மார்ட்டியின் கைக்கு வருகிறது. வாசிக்க வாசிக்க அவன் கையே மறையத் தொடங்குகிறது! விஷயம் தெரிந்தவர்கள் ஒரு பிழை சொல்வார்கள்: அவன் வாசிக்கும் கிப்சன் இ.எஸ்.-345 வகை, 1950களின் இறுதியில்தான் சந்தைக்கு வந்தது. உண்மைதான். ஆனால் மாணவர்களே, பிழையைக் கண்டுபிடித்ததோடு நின்றால் அது தகவல் மட்டுமே. அந்தப் பிழையால் காட்சியின் வேலை கெட்டதா என்று கேட்டால்தான் திறனாய்வு. என் பார்வையில் கெடவில்லை.

கைமாற்றம் தப்பாக நடந்தால் என்ன ஆகும்? ராபர்ட் ரோட்ரிகஸ் ஏறக்குறைய 7,000 அமெரிக்க டாலர் செலவில் எடுத்த ‘எல் மரியாச்சி’ (1992) படம் அதைத்தான் காட்டுகிறது. (வன்முறை மிகுந்த படம். வகுப்பில் திரையிட வேண்டாம். கதையைச் சொன்னாலே போதும்.) வேலை தேடி ஊருக்குள் வரும் இசைக்கலைஞன் கறுப்பு உடை போட்டிருக்கிறான், கையில் கிட்டார் பெட்டி. சிறையிலிருந்து தப்பிய குற்றவாளி ஒருவனும் கறுப்பு உடையில், கையில் அதே மாதிரி பெட்டியோடு அலைகிறான். அவன் பெட்டிக்குள் இருப்பது துப்பாக்கிகள். ஆள் மாறாட்டம், பெட்டி மாறாட்டம், துரத்தல். தன் முன்னோரைப் போலப் பாடகனாக வாழ வேண்டும் என்று மட்டுமே நினைத்தவன், முடிவில் கையில் குண்டடிபட்டு, இனி வாசிக்க முடியாதவனாக, ஆயுதத்தோடு ஊரைவிட்டுப் போகிறான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பெட்டியை வைத்தே ஆளை முடிவு செய்த ஊர், அவனை அந்தப் பெட்டிக்கு ஏற்ற ஆளாகவே ஆக்கி அனுப்பிவிட்டது.

இப்போ ‘கோகோ’வுக்கு வருவோம். லீ அன்க்ரிச் இயக்கிய இந்தப் படத்தை நம் மாணவர்கள் பலர் பார்த்திருப்பார்கள். மெக்சிகோவில் செருப்புத் தைக்கும் குடும்பம். கொள்ளுத் தாத்தாவுக்கும் முந்தைய ஒருவர் கிட்டாரோடு வீட்டைவிட்டுப் போனார், திரும்பவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் இசைக்குத் தடை. சிறுவன் மிகேல் மட்டும் ஒளிந்து ஒளிந்து வாசிக்கிறான். குடும்பத்தின் பழைய புகைப்படம் ஒன்றில் அந்த மனிதரின் தலை கிழிக்கப்பட்டிருக்கிறது. மடிந்திருந்த பகுதி விரிந்ததும் அவர் கையிலுள்ள கிட்டார் தெரிகிறது. அது புகழ்பெற்ற பாடகர் எர்னெஸ்டோவின் கிட்டார்! அப்படியென்றால் எர்னெஸ்டோதான் என் முன்னோர் என்று மிகேல் முடிவு செய்கிறான்.

இந்த இடத்தில் நிறுத்தி யோசியுங்கள். கிட்டார் பொய் சொல்லவில்லை. படத்தில் இருப்பவர் அவனுடைய முன்னோர்தான். அது அவருடைய கிட்டார்தான். ஆனால் அவர் எர்னெஸ்டோ அல்லர், ஹெக்டர். ஹெக்டரை நஞ்சு கொடுத்துக் கொன்று, பாட்டுகளையும் கிட்டாரையும் எடுத்துக்கொண்டவன்தான் எர்னெஸ்டோ. சான்று சரி, அதிலிருந்து எடுத்த முடிவு தவறு. தேர்வில் நாம் அடிக்கடி சறுக்குவதும் இதே இடத்தில்தான். மேற்கோள் சரியாக இருக்கும். அதிலிருந்து தாவிப் போகும் முடிவு தவறாக இருக்கும்.

ஆக, இந்தக் கிட்டாரின் பயணம் ஹெக்டர், எர்னெஸ்டோ, மிகேல் என்று போகிறது. உழைத்தவன் கை, திருடியவன் கை, திருப்பித் தருபவன் கை. மேடையில் பகட்டாக ஒலித்த அதே பாட்டு, மகளுக்காக அப்பா எழுதிய தாலாட்டு என்று நமக்குப் பின்னால்தான் தெரிகிறது. நினைவு மங்கிய பாட்டி கோகோவின் முன்னால் மிகேல் அதைப் பாடும்போது, பொருள் உரியவரிடம் போய்ச் சேருகிறது. இத்தனையையும் விட்டுவிட்டுக் ‘கனவு’ என்று ஒரு சொல்லில் முடிப்பது அநியாயம் இல்லையா?

ஆனால் பாராட்டோடு நிறுத்திவிடக் கூடாது. இந்தப் படத்தில் இரண்டு கிட்டார்கள் இருக்கின்றன. எல்லாரும் பேசுவது அந்த வெள்ளைக் கிட்டாரைப் பற்றி. கிடைத்ததை எல்லாம் வைத்து மிகேல் தானே செய்த கிட்டார் ஒன்றும் உண்டு. அதைப் பாட்டி எலேனா எல்லார் முன்னாலும் போட்டு உடைக்கிறார். அதனால்தான் மிகேல், போட்டியில் கலந்துகொள்ள எர்னெஸ்டோவின் கல்லறையிலிருந்து மற்றதை எடுக்கப் போகிறான். உடைந்துபோன அந்தக் கிட்டாருக்காகப் படம் பிறகு பெரிதாக வருந்துவதில்லை. முன்னோர் பெரிய கலைஞர், நல்லவர் என்று நிரூபணம் ஆன பிறகுதான் வீட்டில் இசைக்கு அனுமதி கிடைக்கிறது. ஹெக்டர் உண்மையிலேயே குடும்பத்தைக் கைவிட்டவராக இருந்திருந்தால்? மிகேலின் திறமைக்கு அப்போது என்ன மதிப்பு? பரம்பரைச் சான்றிதழ் இல்லாத பிள்ளை பாடக்கூடாதா? இந்தக் கேள்வியைப் படம் கேட்காமல் கடந்துபோகிறது என்பது என் கருத்து. “நம்ம குடும்பத்தில் யாரும் இதெல்லாம் செய்ததில்லை” என்ற வாக்கியத்தைக் கேட்டு வளரும் நம் மாணவர்களுக்கு அந்த உடைந்த கிட்டார்தான் நெருக்கமானது.

முதலில் கேட்ட ‘வாரணம் ஆயிரம்’ கேள்விக்கு வருவோம். ரயிலில் கிட்டாரோடு பாடும் சூர்யாவை மறக்க முடியாது. ஆனால் நம் இரண்டு கேள்விகளையும் போட்டுப் பாருங்கள். மேக்னாவின் மரணம், போதைப் பழக்கம், இராணுவம் என்று வரும் பெரிய திருப்பங்கள் எதற்கும் கிட்டார் காரணமாவதில்லை. அவன் கையில் அது அழகாக இருக்கிறது. காதலைச் சொல்ல உதவுகிறது. நினைவில் நிற்கும் காட்சிப் பொருள் என்பது வேறு. கதையைத் திருப்பும் பொருள் என்பது வேறு. இதைச் சொல்வதால் படம் தாழ்ந்துவிடாது. அப்பா மகன் உறவைச் சொல்ல வந்த படம் அது. அதன் பாரம் அங்கே இருக்கிறது.

மாணவர்களே, விடையில் இதை எப்படி எழுதுவது? ‘கோகோ படத்தில் கிட்டார் கனவைக் குறிக்கிறது’ என்பது முதல் வகை. ‘ஹெக்டரிடமிருந்து திருடப்பட்ட கிட்டார் மிகேலின் வழியாகக் குடும்பத்திடம் திரும்பி வருகிறது, மறைக்கப்பட்ட ஒரு மனிதரின் பெயரும் அதோடு திரும்பி வருகிறது’ என்பது இரண்டாவது வகை. இரண்டாவதில் பாத்திரம் இருக்கிறது, நிகழ்ச்சி இருக்கிறது, விளைவும் இருக்கிறது. படத்தைப் பார்த்தவர் மட்டுமே அதை எழுத முடியும்.

ஆசிரியர்கள் இதை ஒரு பாட வேளையில் செய்து பார்க்கலாம். நீங்கள் நடத்தும் நாவலிலோ நாடகத்திலோ ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். மோதிரம், கடிதம், சைக்கிள் என்று எதுவானாலும் சரி. அது கைமாறும் இடங்களை மட்டும் பக்க எண்ணோடு குறித்து வரச் சொல்லுங்கள். ஒரு முறைகூடக் கைமாறாத பொருளாக இருந்தால், அதையும் எழுதச் சொல்லுங்கள். ஏன் மாறவில்லை என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பில் பேச்சு தானாகவே தொடங்கிவிடும்.